அல்பரீன்யோ: மழையில் விளையும் புளிப்பு

ஆண்டுக்கு 1,600 மி.மீ. மழை கொட்டும் ஊரில் ஒயின் திராட்சை பயிரிடச் சொல்லி யாரும் யோசனை சொல்லமாட்டார்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடல் விரல் விரலாக நிலத்துக்குள் நுழைந்திருக்கும் ரீயஸ் பைஷஸில் அதைத்தான் செய்கிறார்கள். 1988இல் புவிசார் பெயர்க் காப்பு பெற்ற பகுதி இது. விளைவதில் மிகப் பெரும்பங்கு அல்பரீன்யோ என்ற ஒரே ரகம்.

முதல் எதிரி பூஞ்சை. அதனால் கொடியைத் தரையோடு விடுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பார்ப்பது போலப் பந்தலில் ஏற்றுகிறார்கள். கால்கள் கருங்கல். மரக்கால் அந்த ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும், கருங்கல்லோ அங்கே வெட்டிய இடமெல்லாம் கிடைக்கும். ஆள் உயரப் பந்தலுக்கு அடியில் காற்று ஓடி குலையை உலர்த்தும். தடித்த தோலும் அல்பரீன்யோவுக்குக் கைகொடுக்கிறது. மண் கருங்கல் சிதைந்த மணல் என்பதால் தண்ணீர் தேங்காது. இவ்வளவு இருந்தும் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து தெளிக்காமல் தப்ப முடியாது. செப்டம்பரில், பறிக்கும் தறுவாயில் மழை பிடித்தால் பழம் நீர் கோத்து வெடிக்கும். வெடிப்பில் சாம்பல் பூஞ்சை நுழையும். அது விடும் லாக்கேஸ் நொதி சாற்றைப் பழுப்பாக்கிவிடும். ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடாலும் அதை முழுதாக அடக்க முடியாது என்பதால் அழுகலைத் தோட்டத்திலேயே கழித்துக்கட்டுவதுதான் வழி. பழம் நசுங்காமலிருக்க 20 கிலோ பிடிக்கும் சிறு பெட்டிகளில் பறிக்கிறார்கள்.

இந்த ஒயினின் உயிர் புளிப்பு. திராட்சையில் இரண்டு அமிலங்கள் முக்கியம். டார்டாரிக் அமிலம் வெயிலுக்கு அவ்வளவாக அசைவதில்லை. மாலிக் அமிலத்தையோ பழம் பழுக்கப் பழுக்கத் தானே சுவாசத்தில் எரித்துவிடும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. கடற்காற்று கோடையைத் தணித்து வைப்பதால் இங்கே மாலிக் நிறையவே மிஞ்சுகிறது. சர்க்கரை லிட்டருக்கு 210 கிராம் அளவுக்கு ஏறிய பிறகும் பச்சை ஆப்பிளின் வெடுக்கு போகாது. ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீத ஆல்கஹால் என்ற கணக்கில் அது 12 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும்.

வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. அதனால் சிலர் நசுக்கிய பழத்தைத் தோலோடு 10 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் ஊறவைத்துப் பிறகு மெதுவாகப் பிழிவார்கள். அதிகம் ஊறினால் கசப்பும் இறங்கும். சாற்றை ஓரிரு நாள் குளிரில் தெளியவைத்து, 15 முதல் 18 டிகிரியில் நொதிக்கவிடுகிறார்கள். சூடு ஏறினால் வெளியேறும் வாயு மணத்தையும் அள்ளிக்கொண்டு போகும். ஈஸ்டுக்கு நைட்ரஜன் போதாவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். நொதித்தலும் பாதியில் நின்றுவிடலாம்.

அடுத்துதான் ஒயினின் குணத்தையே தீர்மானிக்கும் முடிவு. பாக்டீரியாவை விட்டால் மாலிக்கை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும்: ஒரு கிராம் மாலிக்குக்கு 0.67 கிராம் லாக்டிக், மீதி கரியமில வாயு. புளிப்பு தணியும், வெண்ணெய் வாடை எட்டிப்பார்க்கும். மிகப் புளித்த ஆண்டுகளில் ஒரு பகுதியை மட்டும் மாறவிட்டுக் கலப்பதுண்டு. முழுதாக மாற்றுவது இந்த ரகத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்லவேண்டும். தடுக்கக் குளிரும் கந்தக டை ஆக்சைடும் போதும். இங்கே புளிப்பே துணைக்கு வருகிறது (பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்): பி.எச். 3.2 என்றால் லிட்டருக்குச் சுமார் 20 மி.கி. கட்டற்ற, அதாவது வேறெதோடும் பிணையாத, கந்தக டை ஆக்சைடு செய்யும் வேலைக்கு, பி.எச். 3.5இல் 40 மி.கி. தேவைப்படும். மாலிக் மிச்சமிருக்க, கிருமி வடிகட்டாமல் அடைத்தால் பாக்டீரியா பாட்டிலுக்குள் வேலையைத் தொடங்கி, ஒயின் கலங்கி நுரைக்கும்.

வாயை நிரப்பும் கனத்துக்காக, நொதித்து அடங்கிய ஈஸ்ட் மண்டியோடு சில மாதம் வைத்து, அவ்வப்போது கிளறிவிடுகிறார்கள். செத்த செல்கள் சிதைந்து வெளியிடும் மானோபுரதங்கள், அதாவது சர்க்கரையோடு பிணைந்த புரதங்கள்தான் அந்தக் கனம். விற்பனைக் குறிப்புகளில் தவறாமல் வரும் ‘கடல் உப்புச் சுவை’யை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். கருங்கல் நாக்கில் கரையாது. உயர்ந்த புளிப்பும், ஈஸ்ட் உண்டாக்கும், உப்புக்கரிப்பு கலந்த சக்சினிக் அமிலமும் அந்த உணர்வைத் தரப் போதுமானவை.

அடைப்பதற்கு முன் இரண்டு சோதனை. வடிகட்டிய மாதிரியை 80 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து ஆறவிட்டுக் கலங்கினால் புரதம் மிச்சம். பென்டோனைட் களிமண் போட்டுப் படியவைக்கவேண்டும். அளவு மீறினால் மணமும் சேர்ந்து போகும். உறைநிலைக்குக் கீழே சில நாள் வைத்துப் படிகம் விழுகிறதா என்பது இரண்டாவது. இதைத் தாண்டியும் வீட்டு ஃப்ரிட்ஜில் பாட்டிலின் அடியில் வெள்ளைத் துகள் தென்பட்டால், அது கண்ணாடித் தூள் அல்ல, டார்டாரிக் அமிலத்தின் உப்பான பொட்டாசியம் பைடார்டரேட் படிகம். பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து, அடியைக் கலக்காமல் ஊற்றினால் போதும்.