மொட்டைப் பாறை தரும் தண்ணீர்

மதுரை மாவட்டம் மேலூருக்கு மேற்கே அரிட்டாபட்டிக் குன்றுகளைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், 'வெறும் மொட்டைப் பாறை' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த மொட்டைப் பாறைதான் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் சேர்த்துக் கொடுக்கிறது.

மண்ணில் பெய்யும் மழையில் பெரும்பங்கை மண்ணே குடித்துவிடும். கெட்டிப் பாறை குடிக்காது. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் இரண்டரை லட்சம் லிட்டர். பாறை நனைந்தது போக மிச்சமெல்லாம் அடிவாரத்துக்கு ஓடிவரும். சரிவில் மேலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோடுகள் அந்த ஓட்டத்தின் தடங்கள். ஈரம் தங்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் படர்ந்து கறுத்திருக்கின்றன. ஓடிவரும் நீர் கண்மாயில் சேரும். கண்மாய் நிறைந்தால் மிச்ச நீரை வெளியேற்றும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்.

மழை நின்று பல நாள் ஆன பிறகும் சுனையில் தண்ணீர் கிடக்கிறதே, அது எப்படி?

இந்தப் பாறை பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானது. மேலே இருந்தவை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, பாரம் குறைந்து பாறை விரிந்தது. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் பிளந்தது. கூழாங்கல்லை எடுத்துத் தட்டிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் பாறை 'ணங்' என்னும். பிளவுபட்ட அடுக்கு 'டொம்' என்னும். அந்த இடுக்கில் இறங்கிய நீர் வெயில் படாமல் தங்கி, பிளவு வெளியே திறக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. பள்ளத்தில் நிற்கும் நீரோ பாறையின் கனிமங்களை மெல்லக் களிமண்ணாக்குகிறது. அதை மழையும் காற்றும் அள்ளிப்போக, பள்ளம் ஆழமாகிறது.

நீர் வழியும் பாதையைப் பழங்காலத்தவர் நன்றாக அறிந்திருந்தார்கள். இங்குள்ள கழிஞ்சமலையில், 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு உள்ள சமணக் குகைத்தளத்தின் நெற்றியில், மழைநீர் உள்ளே இறங்காதபடி காடி, அதாவது நீளமான பள்ளக் கோடு, வெட்டியிருக்கிறார்கள். எனக்கு இதைவிடச் சிறந்த நீரியல் பாடம் தெரியாது.

2022இல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் இந்த வட்டாரமே டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனது. பாறையில் வெடி வைத்தால் பிளவுகளின் போக்கு மாறும். ஒரு புது விரிசல் போதும், சுனை நீர் வேறு பக்கம் இறங்கிவிடும். உடைந்த பாறையை மறுபடி ஒட்டவைக்க யாராலும் முடியாது. 2025 ஜனவரியில் மேலூர் வட்டார விவசாயிகள் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.