மதர்போர்டு – தாய்ப்பலகை

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் 'போர்டு' என்றால் மதர்போர்டுதான். செயலி, ரேம், கிராபிக்ஸ் அட்டை, வன்தட்டு எல்லாம் வந்து சேரும் மின்சுற்றுப் பலகை அது. 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவில் 305 × 244 மி.மீ.

இதில் செருகும் சிறு பலகைகளை ஆங்கிலத்தில் 'டாட்டர் போர்டு' என்பதால் இது 'மதர்'. ஆனால் 1981-ல் வந்த பிசிக்கு ஐபிஎம் எழுதிய கையேட்டில் 'சிஸ்டம் போர்டு' என்றே இருக்கிறது. ஆப்பிளுக்கு இது 'லாஜிக் போர்டு'.

தமிழில் தாய்ப்பலகை. வெறும் நேர்பெயர்ப்பு என்று இதைத் தள்ள வேண்டியதில்லை. பின்வந்த கிரயங்களுக்கெல்லாம் ஆதாரமான ஆவணத்தைத் தாய்ப்பத்திரம் என்கிறோம். வீட்டின் முதன்மைச் சுவர் தாய்ச்சுவர். மற்றவை சார்ந்து நிற்பது என்னும் பொருள் 'தாய்' என்ற முன்னொட்டில் ஏற்கெனவே உண்டு. 'முதன்மைப்பலகை' அந்தச் சார்பைச் சொல்லாது. நடுவில் 'ப்' மிகும். 'தாய் பலகை' என்று பிரித்து எழுதுவது பிழை. டாட்டர் போர்டைச் சேய்ப்பலகை எனலாம். கடையில் போய் மட்டும் மதர்போர்டு என்றே கேளுங்கள்.

'போர்டு போச்சு' என்ற தீர்ப்பு பெரும்பாலும் அவசரத்தில் வருவது. பெட்டிக்கு உயிரே இல்லையென்றால் முதலில் பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். 24 பின் இணைப்பியின் ஊதா ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் இடையே, பெட்டி அணைந்திருந்தாலும் மின்சாரம் வருகிறவரை 5 வோல்ட் இருக்க வேண்டும், 4.75-க்குக் கீழே இறங்கினால் குற்றம் எஸ்எம்பிஎஸ் பக்கம். அது சரியென்றால், முன்பக்க பவர் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டு, பலகையில் அது செருகியிருந்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டுவிடுங்கள். ஓடினால் கெட்டது சுவிட்சு.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை என்பது வேறு கதை. செயலிக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 பின் 12 வோல்ட் இணைப்பி செருகப்படாமலே கிடக்கலாம். புதிதாக மாட்டுகிறவர்கள் அதைத்தான் மறப்பார்கள். அடுத்தது ரேம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்னூட்டத்தை வடித்தபின் ரேமைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய விளிம்பை மென்மையான அழிரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பாருங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்தத் தொடுபரப்புகளைச் சீக்கிரம் கெடுக்கும்.

இன்னும் எழவில்லையா? பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டிமேல் வைத்து, செயலி, அதன் விசிறி, ஒரு ரேம் இவற்றோடு மட்டும் ஓட்டுங்கள். செயலியில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கிராபிக்ஸ் அட்டையும் வேண்டும். இப்போது ஓடினால், பெட்டிக்குள் பலகையைத் தூக்கிப் பிடிக்கும் பித்தளைத் தாங்கி ஒன்று இடம்மாறி, பலகையின் அடிப்புறத்தை ஷார்ட் செய்திருக்கலாம்.

தேதி அடிக்கடி பின்னோக்கிப் போனால் பலகையிலுள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. புதியது 3 வோல்ட், அளந்தால் 2.7-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். இதற்குப் போய் பலகையை மாற்றச் சொன்னால் வேறு கடை பாருங்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும், குறைந்த இஎஸ்ஆர் (உள்மின்தடை) வகை போட வேண்டும். சாதாரண வகை செயலிப் பக்கத்தில் நிற்காது.

தூசியை ப்ளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதிவேகத்தில் சுழலவிட்டால் பேரிங் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப்போலத் தண்ணீர் புகுந்த பலகைக்கு மின்சாரமே காட்டக்கூடாது. பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பிரஷால் தேய்த்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். சேறு காய்ந்து ஸ்லாட்டுக்குள் இறுகுவதற்கு முன் அலசினால்தான் பிழைக்க வாய்ப்பு.