திரையில் 56 டிகிரி, மாடியில் எத்தனை?

இந்த மாதத்தில் நான் ஆன்டெனா பார்க்கப் போன மூன்றாவது ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) வீடு இது. ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரோட்டேட்டரைப் பற்றிய புகார் ஒன்றுதான்: "சார், ரோட்டேட்டர் நல்லா சுத்துது, ஆனா ஜப்பான் ஸ்டேஷன் ஒண்ணுகூட கிடைக்கல." மாடியேறிப் பார்த்தால் யாகி (ஒரே திசையை நோக்கும் ஆன்டெனா) ஐரோப்பா பக்கம் திரும்பி நிற்கிறது.

வடக்கிலிருந்து வலமாக அளந்தால், சென்னையிலிருந்து டோக்கியோ 56 டிகிரி. அந்த வீட்டுக்காரரின் லாகிங் சாஃப்ட்வேர் (தொடர்புகளைப் பதிவுசெய்து, ஆன்டெனாவையும் திருப்புவது) 324 என்று கணக்குப் போட்டிருந்தது. காரணம், தீர்க்கரேகை 80 கிழக்கு என்பது 80 மேற்காகப் பதிவாகியிருந்தது. மேற்கை ப்ளஸாக எடுக்கும் சாஃப்ட்வேரும் உண்டு, கிழக்கை ப்ளஸாக எடுப்பதும் உண்டு. பேசாமல், இடத்தைச் சில எழுத்து, எண்களால் குறிக்கும் கிரிட் லொக்கேட்டரைக் கொடுத்துவிடுங்கள். சென்னைக்கு என்கே03, கோவைக்கு எம்கே81, மதுரைக்கு எம்ஜே99.

இது ஐந்து நிமிட வேலை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு. திரையில் வரும் எண்தான் ஆன்டெனாவின் திசை என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது அப்படி இல்லை. ரோட்டேட்டருக்குள் இருக்கும், சுற்றச் சுற்ற வோல்டேஜ் மாறும் பொட்டென்ஷியோமீட்டரின் வோல்டேஜைக் கண்ட்ரோலர் டிகிரியாக மாற்றுகிறது, சாஃப்ட்வேர் அதைக் கேட்டு வாங்கித் திரையில் எழுதுகிறது. யாகியைக் கம்பத்தோடு பிடித்திருக்கும் மாஸ்ட் கிளாம்ப் தளர்ந்து, ஒரு காற்றில் யாகி 40 டிகிரி நழுவிவிட்டால் பொட்டென்ஷியோமீட்டருக்கு அது தெரியவே தெரியாது. திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறதே என்று என்னிடம் வாதம் செய்யாதீர்கள். 0, 90, 180, 270 என்று திருப்பச் சொல்லிவிட்டு, மாடியில் நின்று கண்ணால் பாருங்கள். போன் காம்பஸை இரும்புக் கம்பத்தின் அருகில் வைத்தால் தப்பாகத்தான் காட்டும். மேப்பில் தூரத்துக் கோபுரம் ஒன்றின் திசையை எடுத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் நம் பக்கத்தில் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம், எச்எஃப் (சிற்றலை) யாகிக்கு அது பொருட்டே இல்லை.

ரோட்டேட்டர் சுற்றுகிறது, திரையில் எண் மட்டும் வரவில்லை என்றால், கண்ட்ரோலரும் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ளும் புரோட்டோகாலைப் பாருங்கள். ஜிஎஸ்-232ஏ, 232பி என்ற இரண்டு புரோட்டோகால்களிலும் பதில் அனுப்பும் முறை வேறு. அப்புறம் பாட் ரேட் (தகவல் போகும் வேகம்).

ஒரு முழுச் சுற்றையும் தாண்டி 450 டிகிரி சுற்றும் ரோட்டேட்டர் என்றால், ஆன்டெனா கேபிளான கோஆக்ஸின் வளையம் அந்த 450க்கும் தாங்க வேண்டும். கையால் சுற்றும்போது கேபிள் இழுபடுவதைப் பார்த்து நிறுத்துவீர்கள், சாஃப்ட்வேர் நிறுத்தாது. போன வாரம் ஒரு வீட்டில் கனெக்டரே பிய்ந்து வந்திருந்தது.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருமுறை நான் டவரில் யாகியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கீழே பையன் டிஎக்ஸ் ஸ்பாட் (தூரத்து ஸ்டேஷன் பற்றிய அறிவிப்பு) ஒன்றைக் கிளிக் செய்துவிட்டான். தானாகத் திருப்பும் வசதி ஆனில் இருந்திருக்கிறது. பூம் (யாகியின் நடுத்தண்டு) என் தோளை இடித்துக்கொண்டு திரும்பியது. பெல்ட் போட்டிருந்ததால் விழவில்லை. மேலே ஆள் ஏறும் முன் கண்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கி, ஏறுகிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.