சிரப்: மணப்பாகா, கூட்டு மருந்தா?

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் திருவல்லிக்கேணித் தெருமுனை மெடிக்கலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “அண்ணா, பாப்பாவுக்குச் சளி, இருமல். ஒரு சிரப் குடுங்க.” கடைக்காரரும் ஒரு புட்டியை எடுத்து வைப்பார். உள்ளே என்ன மருந்து என்று இருவருமே பேசிக்கொள்வதில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். சிரப் என்பது மருந்தின் பெயரே இல்லையே!

அரபியில் ‘ஷராப்’ என்றால் பானம். அது இடைக்கால லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய், ஆங்கிலத்தில் சிரப் ஆகி நம்மிடம் வந்தது. அதே அரபி வேரிலிருந்து வேறு வழியாக வந்ததுதான் சர்பத். வெயிலுக்குக் குடிக்கிற நன்னாரி சர்பத்தும் இருமலுக்குக் குடிக்கிற சிரப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மருந்து கரைந்திருக்கும் இனிப்புப் பாகு என்பதுதான் சிரப்பின் பொருள். இதற்குச் சித்த மருத்துவத்தில் ஏற்கெனவே நல்ல பெயர் உண்டு: மணப்பாகு. உள்ளுக்குக் கொடுக்கும் 32 வகை அக மருந்துகளில் அதுவும் ஒன்று. இலைச்சாற்றையோ குடிநீர் எனப்படும் கஷாயத்தையோ சர்க்கரை சேர்த்து, மணம் வரும் பாகுப் பதத்தில் இறக்குவார்கள். அரும்பாக்கம் சித்த மருத்துவமனைப் பக்கம் போனவர்களுக்கு ஆடாதோடை மணப்பாகைத் தெரிந்திருக்கும். அந்த ஆடாதோடையில் வாசிசின் என்றொரு பொருள் உண்டு. அதை அடிப்படையாக வைத்து உருவான மருந்து புரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் மாறும்போது உண்டாவது அம்ப்ராக்சால். சளியை இளக்க இன்று பல இருமல் சிரப்புகளில் இருப்பது அதுதான். நம் வேலியோரச் செடிதான் அதற்கு மூலம் என்று அறிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, மணப்பாகு என்பது வடிவத்தின் பெயர். உள்ளே இருப்பதற்கு? பெரும்பாலான சளி மருந்துகளில் இரண்டு மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கும். தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்குப் பினைலெப்ரின், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வறட்டு இருமலை அடக்க டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. இதைச் சிலர் ‘கலவை மருந்து’ என்கிறார்கள். எனக்குக் ‘கூட்டு மருந்து’தான் சரியாகப் படுகிறது. கலவை என்றால் எப்படியும் கலக்கலாம். கூட்டு என்றால் இன்னது இவ்வளவு என்று அளந்து சேர்த்தது. கூட்டுப் பெருங்காயம் என்று டப்பாவில் படித்துப் பழகிய காதுக்கு இது புதிதும் இல்லை. அளவு மாறாமல் சேர்த்தது என்பதையும் சொல்ல வேண்டுமானால் ‘நிலையளவுக் கூட்டு மருந்து’ எனலாம்.

கூட்டு என்று சொன்னாலே ‘எதெல்லாம் கூட்டு?’ என்ற கேள்வி வந்துவிடும். அது வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. சளிக்கு வாங்கிய கூட்டு மருந்தில் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல், காய்ச்சலுக்குத் தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்தால் அளவு கூடிப்போய்க் கல்லீரலைப் பாதிக்கலாம். சளிக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று என்று வாங்கினால், தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் இரண்டு புட்டிகளிலும் இருக்கலாம். அப்புறம், 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு உத்தரவு போட்டது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டும் என்பது அது. சிரப் என்று மட்டும் கேட்டு வாங்கிப் போகிற அம்மாவுக்கு அந்தப் பொடி எழுத்து எங்கே கண்ணில் படும்?