டப்பாவில் ‘6 மாதம்’ என்று ஏன் போட்டிருக்கிறது?

குழந்தைக்கு முதல் திட உணவு கொடுக்கும் நேரம் வந்ததும் பல வீடுகளில் முதலில் வாங்குவது ஒரு டப்பாவைத்தான். அதன் மேல் என்ன எழுதலாம், என்ன படம் போடலாம், எப்படி விற்கலாம் என்பதற்கெல்லாம் உலக நாடுகளின் அரசுகள் கூடி ஏற்றுக்கொண்ட விதிகள் இருக்கின்றன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்த எழுதியவைதான். ஆனால் தெரிந்துவைத்திருந்தால் பெற்றோருக்குத்தான் அதிகம் உதவும்.

முதல் விதித்தொகுப்பு 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில், அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் சபையில், நிறைவேறியது. 118 நாடுகள் ஆதரித்தன, 3 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டும். பால்மாவு, பால்புட்டி, நிப்பிள் போன்றவற்றைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. விற்பனை ஆட்கள் கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் தேடிப் போய்ப் பேசக் கூடாது. பால்மாவு டப்பாவில் குழந்தையின் படமே இருக்கக் கூடாது. கொழுகொழு குழந்தையைப் பார்த்தால் யாருக்குத்தான் மயக்கம் வராது!

அந்தத் தொகுப்பின் கவனம் பெரும்பாலும் பாலின் மேல்தான் இருந்தது. கூழ், மசியல், பிஸ்கட் போன்ற இணை உணவுகளுக்கு அவ்வளவு தெளிவு இல்லை. அந்த இடைவெளியில் ஒரு தந்திரம் வளர்ந்தது. பால்மாவை விளம்பரம் செய்ய முடியாதா, சரி, அதே பெயர், அதே நிறம், அதே சின்னத்தோடு ‘வளரும் குழந்தைகளுக்கான பால்’ என்று இன்னொன்றை விளம்பரம் செய்தால் போயிற்று. இதைத் தடுக்கும் வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது, 2016இல் பேரவை அதை வரவேற்றது. அதன்படி 3 வயது வரையிலான குழந்தைகளுக்கென்று விற்கும் எந்தப் பாலும் தாய்ப்பாலுக்கு மாற்றாகவே கருதப்படும். அதை விளம்பரம் செய்யக் கூடாது. இணை உணவின் டப்பா பால்மாவு டப்பாவைப் போலத் தோற்றமளிக்கவும் கூடாது. எந்த வயதிலிருந்து கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், அந்த வயது 6 மாதத்துக்குக் கீழே போகக் கூடாது. 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடர்வது முக்கியம் என்ற வாசகமும் வேண்டும்.

6 மாதக் கணக்குக்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் ‘4 முதல் 6 மாதத்துக்குள்’ என்றுதான் சொல்வார்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதை 2001இல்தான் பேரவை உலகப் பொதுப் பரிந்துரையாக ஏற்றது. மூத்தவர்கள் ‘எங்கள் காலத்தில் நாலாம் மாதமே கொடுத்தோமே’ என்று சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்போதைய அறிவுரை அப்படி. 6 மாதம் என்றால் 180 நாள் முடிந்த பிறகு என்று பொருள். அதற்கு முன் கொடுக்கும் ஒவ்வொரு கரண்டியும் அந்த அளவு தாய்ப்பாலைக் குறைக்கும், வயிற்றுத் தொற்றுக்கும் வழி வைக்கும். ரொம்பத் தள்ளிப்போடுவதும் தப்பு. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து அந்த வயதில் கரைந்துகொண்டிருக்கும், தாய்ப்பாலில் வருவது மட்டும் போதாது. மருத்துவக் காரணம் இருக்கும் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் மருத்துவர் சொல்வதே கணக்கு.

அப்புறம் என்ன கொடுப்பது? உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இது: முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில் ஏதாவது ஒன்று தினமும் வேண்டும், காய்கறியும் பழமும் தினமும் வேண்டும். அசைவம் குறைவாகக் கிடைக்கும் வீட்டில் பருப்பும் பயறும் அடிக்கடி இருக்க வேண்டும். வெறும் மாவுக்கூழ் வயிற்றை நிரப்பும், சத்தைத் தராது. 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 வேளை, அதற்குப் பிறகு 3, 4 வேளை என்பது வழக்கமான அளவு. சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களும் இனிப்புப் பானங்களும் 2 வயது வரை வேண்டவே வேண்டாம். செயற்கை இனிப்பும் கூடாது. சுத்தமான பழச்சாறாக இருந்தாலும் அளவோடுதான். தேனை ஒரு வயது முடியும்வரை தொடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கிவிடும்.

இதை வைத்து டப்பாவைப் பார்க்கலாம். முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கப் பொடி எழுத்துக்கு வாருங்கள். அதிக எடையுள்ள பொருள் முதலில் வரும் வரிசையில்தான் பட்டியல் இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தரநிலை. முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரையோ, வேறு பெயரில் வரும் பாகோ, சுண்டக் காய்ச்சிய பழச்சாறோ இருந்தால், ‘சத்து நிறைந்தது’ என்று முன்னால் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் நான் அதைத் திரும்ப வைத்துவிடுவேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சர்வதேச விதிகளுக்குத் தாமாகத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் எழுதினால்தான் செல்லும். சில நாடுகள் ஏறக்குறைய முழுவதையும் எழுதிக்கொண்டன, சில பாதியோடு நின்றன, சில எதையுமே எழுதவில்லை. அதனால் ‘4 மாதம் முதல்’ என்று அச்சிட்ட டப்பா ஒரு நாட்டில் குற்றமாகவும் இன்னொரு நாட்டில் வெறும் தவறாகவும் இருக்கலாம்.

மருத்துவமனையில் யாராவது இலவசப் பொட்டலம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நிறுவனங்கள் சுகாதார ஊழியர்கள் மூலம் இப்படிக் கொடுப்பதும் விதிக்கு எதிரானதே. புகார் கொடுக்க நினைத்தால் உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்புத் துறையையோ சுகாதாரத் துறையையோ அணுகுங்கள். டப்பாவின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, தயாரிப்புத் தொகுதி எண், தேதி, கிடைத்த இடம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டால் புகாரை எளிதில் தள்ளிவிட முடியாது.