பட்டியலில் பெயர் இல்லையா? படிவம் நிரப்பும் முன் இதைப் படியுங்கள்

வாக்காளர் அட்டை கையில் இருந்தால் மட்டும் வாக்களித்துவிட முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வாக்குப்பதிவு நாளன்று அட்டையை நீட்டிக்கொண்டு பூத் வாசலில் வாதாடுகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறேன். அன்றைக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது சட்டம். ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் விட வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாளாவது முன்னால் உங்கள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

2025 டிசம்பரில், வீடு வீடாகச் சரிபார்த்துப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிர திருத்தத்தின்போது வெளியான தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. வில்லங்கம் ‘இடம்பெயர்ந்தவர்’ என்ற கட்டத்தில் இருக்கிறது. பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் காலை பதினொரு மணிக்கு வருகிறார். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள், கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர், “அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் போல” என்கிறார். அந்த ‘போல’ மட்டும் பதிவேட்டில் ஏறுவதில்லை.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, தற்காலிகமாக வெளியூர் போனவர் தன் வசிப்பிடத்தை இழப்பதில்லை. செங்கல் சூளைக்கு ஆறு மாதம் போகிற குடும்பத்துக்கு இது பொருந்தும். இதே பிரிவில் மறுபக்கமும் உண்டு: ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டுமே அங்கே வாக்குரிமை வந்துவிடாது. குடியிருப்பதுதான் கணக்கு. ஆகவே, “சொந்த வீடு இல்லையே, எப்படிச் சேர்ப்பது?” என்று வாடகைக்காரரைத் திருப்பி அனுப்ப எந்த அலுவலருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆனாலும் வாடகைக்காரர்தான் அதிகம் அலைகிறார். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் செல்லும் என்பார்கள். அது பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமாக இருக்க வேண்டும் என்பதை மனு நிராகரிக்கப்பட்ட பிறகுதான் சொல்வார்கள். முத்திரைத்தாளில் கையெழுத்திட்டுப் பீரோவில் வைத்திருப்பது உதவாது. மின்கட்டண ரசீதோ வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். கேஸ் இணைப்பு உங்கள் பெயரிலோ, பெற்றோர், கணவன் அல்லது மனைவி பெயரிலோ இருந்தால் அந்த ரசீதைக் கொடுங்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் இப்போதைய முகவரி இருந்தால் அதுவும் போதும். எதுவுமே இல்லையென்றால் நேரில் வந்து விசாரிக்க வேண்டியது அலுவலர்களின் கடமை. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தையும் கைபேசி எண்ணையும் மனுவில் எழுதிவிடுங்கள்.

“ஆதார் இல்லாமல் முடியாது” என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆதார் எண் தர இயலவில்லை என்பதற்காக மனுவை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது.

படிவம் மாறினால் ஆபத்து. பழைய இடத்தில் பெயர் இருந்து, வீடு மாறியிருந்தால் படிவம் 8. பெயர் எங்குமே இல்லையென்றால் படிவம் 6. கணினி மையங்களில் கேட்காமலேயே எல்லோருக்கும் படிவம் 6-ஐப் போட்டுவிடுகிறார்கள். ‘வேறு எந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை’ என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. தண்டனை அனுபவிக்கப்போவது மையக்காரர் அல்ல, நீங்கள்.

மனு கொடுத்ததும் படிவத்தின் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். “அதெல்லாம் வேண்டாம், பட்டியல் வந்ததும் பாருங்கள்” என்பார்கள். வற்புறுத்தி வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி சீட்டு வாங்காமல் வந்துவிட்டார். அடுத்த முறை போனபோது அந்த அலுவலகத்தில் அவர் மனுவே கொடுக்கவில்லை என்றார்கள்.

இடம்பெயர்ந்தவர் என்றோ தகுதியற்றவர் என்றோ பெயரை நீக்குவதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் ஒருநாள் கூலி போனாலும் விசாரணைக்குப் போய்விடுங்கள். முடியாவிட்டால் எழுத்திலாவது பதில் கொடுங்கள். விளக்கம் சொல்லக் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்தாதவருக்கு மேல்முறையீடு கிடையாது என்று விதியே கதவைச் சாத்துகிறது. முடிவு பாதகமாக வந்தால் மாவட்ட ஆட்சியரிடம் 15 நாட்களுக்குள் முறையிட வேண்டும். உத்தரவின் நகலை அன்றைக்கே எழுதிக் கேளுங்கள். அது வரட்டும் என்று காத்திருந்தால் 15 நாளும் ஓடிவிடும்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் சட்டமன்றப் பட்டியலைத்தான் அது வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. விடுபட்டவர் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் தாலுகா அலுவலகம் போகச் சொல்வார்கள். அங்கே கேட்டால், “உள்ளாட்சி எங்கள் வேலை இல்லை” என்பார்கள். பெயர் சேர்க்கும் மனுவை சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடம்தான் கொடுக்க வேண்டும். பெயர் இருந்து, வார்டு மட்டும் மாறியிருந்தால் அது பிரித்ததில் நேர்ந்த பிழை. ஊராட்சியிலோ நகராட்சியிலோதான் கேட்க வேண்டும். அப்போது எதிர்வீட்டுக்காரரின் பெயர் பட்டியலின் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு வார்டுக்குப் போயிருப்பதைக் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.