தலையங்கம் வேறு, கட்டுரை வேறு

போன வாரம் மறுபடியும் ஒரு போன். "உங்க பேப்பர் எப்படிங்க இப்படி எழுதலாம்?" எந்தக் கட்டுரை என்று கேட்டேன். அவர் கட்டுரையைப் படிக்கவில்லை, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத்தான் பார்த்திருக்கிறார். படத்தில் எங்கள் பத்திரிகையின் பெயர் இருக்கிறது, தலைப்பு இருக்கிறது. கீழே இருந்த கட்டுரையாளரின் பெயரை மட்டும் யாரோ அழகாக வெட்டிவிட்டார்கள். அந்தக் கருத்துக்கு நேர் எதிராக அதே வாரம் நாங்கள் தலையங்கம் எழுதியிருந்தோம். சொன்னேன். "அப்புறம் எதுக்குப் போட்டீங்க?" என்றார்.

இந்த மாதம் இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

தலையங்கத்தில் எழுதியவர் பெயர் இருக்காது. அது பத்திரிகையின் குரல். பெயரோடு வரும் கட்டுரை அந்தப் பெயருக்கு உரியவரின் கருத்து. அவ்வளவுதான் விஷயம். இப்படிப்பட்ட கட்டுரைக்கு ஆங்கிலத்தில் 'ஆப்-எட்' என்று பெயர். ஆனால் 'ஆப்-எட்' என்றால் 'ஒப்பீனியன் எடிட்டோரியல்' என்று இதழியல் மாணவர்களே எழுதித் தருகிறார்கள். இல்லை ஐயா! தலையங்கப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், 'ஆப்போசிட் த எடிட்டோரியல் பேஜ்'. பக்கம் இருந்த இடத்தைக் குறித்த பெயர் அது.

அந்தப் பக்கத்துக்கு இன்றைய வடிவம் கிடைக்கக் காரணமானவர் ஜான் பி. ஓக்ஸ். 1961 முதல் 1976 வரை அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தலையங்கப் பக்கத்தின் ஆசிரியர். 1896இல் அந்தப் பத்திரிகையை வாங்கிய அடால்ஃப் ஆக்ஸின் தம்பி மகன். வெளியாட்கள் எழுத ஒரு பக்கம் வேண்டும், அது தங்கள் தலையங்கத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை என்று பல வருடங்கள் வாதாடினார். தலையங்கத்துக்கு எதிரே அதுவரை வந்துகொண்டிருந்தவை இரங்கல் செய்திகள். அவற்றை வேறு பக்கத்துக்கு நகர்த்தி, 1970 செப்டம்பர் 21 அன்று புதிய பக்கம் வந்தது. அதை நடத்தும் பொறுப்பு மட்டும் அங்கேயே வேலை பார்த்த மூத்த பத்திரிகையாளர் ஹாரிசன் சாலிஸ்பரியிடம் போனது.

1976இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. செனட் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் மொய்னிஹன் என்ற வேட்பாளரை ஆதரித்துத் தலையங்கம் எழுத வைத்தார் பதிப்பாளர். விடுமுறையில் இருந்த ஓக்ஸுக்கு அதில் உடன்பாடில்லை. என்ன செய்தார்? வாசகர்போல ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். நீளமாக எழுதியதைச் சுருக்கி ஒற்றை வாக்கியமாக அச்சிட்டார்கள். தலையங்கப் பக்க ஆசிரியரே தன் பத்திரிகையின் தலையங்கத்தை மறுத்து, அதுவும் தன் பெயரைப் போட்டு! நாங்கள் அச்சிடும் ஒவ்வொரு வரியும் எங்கள் நம்பிக்கை என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

பத்திரிகைக்காரர்களான எங்கள் மேல் தவறே இல்லை என்று சொல்லவில்லை. 2020 ஜூனில் அதே நியூயார்க் டைம்ஸில், அமெரிக்காவில் நடந்த போராட்டங்களை அடக்க ராணுவத்தை அனுப்பச் சொல்லி ஒரு செனட்டர் எழுதிய கட்டுரை வந்தது. வெளியாகும் முன் அதைப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட கருத்துப் பக்க ஆசிரியர் சில நாட்களில் பதவி விலகினார். அடுத்தவர் கருத்து என்றாலும் படித்துப் பார்ப்பதும் தகவலைச் சரிபார்ப்பதும் எங்கள் வேலை. மறு வருடம் அவர்கள் 'ஆப்-எட்' என்ற பெயரையே விட்டுவிட்டு 'விருந்தினர் கட்டுரை' என்று மாற்றினார்கள். செல்போன் திரையில் ஏது எதிர்ப்பக்கம்?

சரி, வாசகர்களே, பெயர் வெட்டப்பட்ட படத்தை அனுப்பாதீர்கள். கட்டுரையின் கீழே எழுதியவர் யார், என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். தேதியைப் பாருங்கள். தலைப்பைப் பார்த்துக் கட்டுரையாளரைத் திட்டாதீர்கள்; பெரும்பாலும் தலைப்பு வைப்பது நாங்கள்.

எழுதுகிறவர்களுக்கு: ஒரே கட்டுரையை ஐந்து பத்திரிகைகளுக்கு ஒன்றாக அனுப்பாதீர்கள். நீங்கள் பாராட்டும் நிறுவனத்திடம் சம்பளமோ ஆலோசனைக் கட்டணமோ வாங்கினால் முதல் வரியிலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள். பிரசுரமான பிறகு அதை வாசகர் கடிதத்தில் படிக்க விடாதீர்கள், தயவுசெய்து.